பேசாத கம்ப்யூட்டரின் முன்னால்

அவள் எங்கள் மேசைக்கு வந்து நின்றபோது நான் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் சாப்பாட்டுக் கூடத்தை எங்களுக்குச் சும்மா விட்டுக்கொடுப்பார்கள். எத்தனை கழுவினாலும் போகாத ரசவாசனைக்கு நடுவே, நீள மேசைகளில் லேப்டாப்புகளை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம். ஒருவர் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். இன்னொருவர் வங்கியில் வேலை பார்க்கும் நண்பர். மூன்றாவது ஆள் நான். தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள்.

பொதுமக்கள் தங்கள் பழைய கம்ப்யூட்டர்களை எடுத்து வருவார்கள். அவற்றில் கட்டற்ற மென்பொருள்களைப் போட்டுக்கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தருவோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். லைசென்ஸ் என்று யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். இதுதான் விஷயம்.

நான் இதில் லட்சியத்தால் சேர்ந்தவள் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் லேப்டாப்பைப் பார்த்து, "இது புது வெர்ஷனைத் தாங்காது மேடம், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார் ஒரு கடைக்காரர். வங்கி நண்பர் அதையே வாங்கிக்கொண்டு போய்க் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். இன்றுவரை அது ஓடுகிறது. நல்ல பொருளைக் குப்பை என்று சொல்லி என்னை ஏமாற்றப் பார்த்தார்களே என்ற ஆத்திரத்தில்தான் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தேன். ஆத்திரம் தணியவில்லை. அதனால் தொடர்ந்து வந்துகொண்டிருந்தேன்.

அன்று காலை முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இலவசமா குடுக்கிறீங்க, சரி. உங்களுக்குப் பின்னால எந்தக் கட்சி இருக்கு?" என்றார். அவருக்கு அடுத்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பேராசிரியர் அவர்களை உட்கார வைத்து, மென்பொருள் உரிமங்களின் வகைகளைப் பற்றி விளக்கத் தொடங்கினார். விளக்கி முடித்தபோது இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மின்கட்டணம் கட்டவும் பேத்தியின் போட்டோவைப் பார்க்கவும் வழி கேட்டு வந்த ஜனங்கள் அவர்கள். அவர்களிடம் போய் உரிமத்தின் மூன்றாவது பதிப்புக்கும் இரண்டாவது பதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னால் ஓடாமல் என்ன செய்வார்கள்?

அப்போதுதான் வெள்ளைத் தடியின் சத்தம் கேட்டது. முப்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, தோளில் லேப்டாப் பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாங்கள் பேசும் திசையை வைத்து நேராக என்னிடம் வந்தாள்.

"பேசற சாஃப்ட்வேர் ஒண்ணு ஃப்ரீயாவே இருக்குன்னு சொன்னாங்க. நெசமா மேடம்?"

கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது ஸ்க்ரீன் ரீடரை வைத்துத்தான். திரையில் இருக்கும் எழுத்து, பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் அது குரலில் படித்துச் சொல்லும். அது இல்லையென்றால் அவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு தகரப்பெட்டி. அவள் கல்லூரியில் கற்றுக்கொண்டது விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று. அதன் விலை என் ஸ்கூட்டரின் விலையைவிட அதிகம். வீட்டில் அவள் வைத்திருந்தது அதன் மாதிரிப் பதிப்பு. முக்கால் மணி நேரம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். மறுபடி பேச வைக்க மெஷினையே அணைத்துப் போட வேண்டும். அப்படி அணைத்து அணைத்துப் போட்டுத்தான் போட்டித்தேர்வுக்குப் படித்தாளாம்.

"பாஸ் பண்ணியாச்சா?" என்று கேட்டேன்.

"பாஸ் பண்ணி வேலைக்கும் போயாச்சு. கண்டோன்மென்ட் பக்கம் ஆபீஸ். இப்ப அங்க கவர் ஒட்டிட்டு இருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் சேர்ந்தபோது அலுவலகத்தில் ஸ்க்ரீன் ரீடர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் லைசென்ஸ் அந்த ஒரு மெஷினோடு பிணைக்கப்பட்டது. மெஷின் பழுதாகி, அலுவலகம் முழுவதற்கும் புது மெஷின்கள் வந்தன. லைசென்ஸ் புது மெஷினுக்கு மாறவில்லை. விற்றவரைக் கேட்டால் புதிதாக வாங்குங்கள் என்றாராம். புதிதாக வாங்கக் கோப்பு போட்டார்கள். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள் எட்டு மாதம் ஆகிவிட்டது. அத்தனை நாளும் அவள் காலையில் பொன்மலையிலிருந்து பஸ் பிடித்துப் போய், பேசாத கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, யாராவது மடித்துக் கொடுக்கும் கடிதங்களைக் கவருக்குள் போட்டு ஒட்டிவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பியிருக்கிறாள். முதுகலைப் பட்டம் வாங்கியவள்.

இதையெல்லாம் அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் காது சூடானது.

அவளுடைய லேப்டாப்பை வாங்கி, கட்டற்ற ஸ்க்ரீன் ரீடரை இறக்கிப் போட்டேன். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பழைய மென்பொருளுக்குப் பழகிய விரல்கள்தான், பெரும்பாலான கட்டளைகள் இதிலும் அப்படியே இருந்தன. பேச்சின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஹெட்போனுக்கு வெளியே கசிந்த சத்தம் எனக்கு வண்டு ரீங்காரம் போலத்தான் கேட்டது. அவளுக்கு எல்லாம் புரிந்தது.

"தமிழ் படிக்குமா?"

மாற்றிக் காட்டினேன். அதன் தமிழ்க் குரல் அப்படியொன்றும் இனிமையானதல்ல. சளி பிடித்த ஆள் டின்னுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கும். அவள் தன் அக்கா அனுப்பிய செய்திகளைத் திறந்தாள். கேட்டாள். மறுபடி மேலே போய் முதலிலிருந்து கேட்டாள்.

"இதெல்லாம் அம்மாதான் படிச்சுக் காட்டுவாங்க. எது எனக்குத் தெரியணும்னு அவங்களா முடிவு பண்ணி, வடிகட்டித்தான் படிப்பாங்க." ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். பிறகு, "நாங்க இதுக்குக் காசு ஏதும் குடுக்க வேணாமா?" என்று கேட்டாள்.

"வேணாம். இத எழுதினதே கண்ணு தெரியாதவங்கதான். அவங்களுக்கும் அந்த விலை கட்டுப்படியாகல. அதனால அவங்களே எழுதி எல்லாருக்கும் குடுத்துட்டாங்க."

அவள் முகம் மாறியது. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். "அப்ப இது இருக்குன்னு எங்ககிட்ட ஏன் யாருமே சொல்லல?" என்றாள். அவ்வளவு கோபம் அந்தக் குரலில். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

இந்த ஸ்க்ரீன் ரீடரில் ஒரு வசதி உண்டு. பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய் எந்த மெஷினில் செருகினாலும் பேசும். மெஷினில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு பென்டிரைவில் போட்டுக்கொடுத்தேன். திங்கட்கிழமை மதியமே அவளிடமிருந்து போன் வந்தது. "அக்கா, ஓடுது! காலையிலேர்ந்து ரெண்டு மனுவுக்குக் குறிப்பு எழுதிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் நம்பவே மாட்டேங்கறார்." மேடம் அக்காவாகிவிட்டேன்.

வியாழக்கிழமை அவளுக்கு மெமோ கொடுத்தார்கள்.

அனுமதியற்ற மென்பொருளை அலுவலகக் கணினியில் பயன்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ. எட்டு மாதம் ஒரு ஊழியர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார், அதற்கு யாருக்கும் மெமோ இல்லை. வேலை செய்ததற்கு மெமோ. அதையும் காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வேறொருவர் படித்துக் காட்டித்தான் அவளுக்கு அது மெமோ என்றே தெரிந்தது.

நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளுடைய அலுவலகத்துக்குப் போனேன். அவள்தான் வரச் சொன்னாள். "நீங்க வந்து விளக்கிச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க. அதிகாரி நல்ல மனுஷர்தான்" என்றாள்.

அதிகாரி உண்மையிலேயே மரியாதையானவர். எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் என் லேப்டாப்பைத் திறந்து, அந்த மென்பொருள் எங்கிருந்து வருகிறது, யார் எழுதுகிறார்கள், அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்பதையெல்லாம் காட்டினேன். பேராசிரியர் மாதிரி நீட்டாமல் சுருக்கமாகத்தான் சொன்னேன்.

ஒப்பந்த ஊழியர் தலையை ஆட்டினார். "ஃப்ரீயா வர்றதுல வைரஸ் இருக்கும் மேடம். காசு குடுத்து வாங்கினாத்தான் நாளைக்கு ஒண்ணுன்னா கேக்க ஆள் இருக்கும்."

"காசு குடுத்து வாங்கினீங்களே, அது நின்னுபோனப்ப யாரைக் கேட்டீங்க? கேட்டதுக்கு என்ன பதில் வந்துச்சு?"

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி புன்னகையோடு குறுக்கே வந்தார். "பாருங்க மேடம், அந்தப் பொண்ணுக்கு நாங்க ஒரு குறையும் வைக்கல. லேட்டா வந்தா யாரும் கேக்கறதில்ல. வேலை எதுவும் குடுத்துக் கஷ்டப்படுத்தறதில்ல. மாசம் பொறந்தா சம்பளம் போயிடுது. இதுக்கு மேல நாங்க என்னதான் செய்யணும், சொல்லுங்க?"

இதை அவர் கருணையோடுதான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இந்த மனிதர் தன்னை நல்லவர் என்று முழுமனதாக நம்பிக்கொண்டு, காபியை ஆற்றிக்கொண்டு, ஒரு பெண்ணின் எட்டு மாதத்தைத் தர்மம் போட்ட மாதிரி பேசுகிறார்.

"அவங்க சம்பளத்துக்கு மட்டும் பரீட்சை எழுதல சார். வேலைக்குத்தான் எழுதினாங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மேசையில் யாரோ கல்யாண ஆல்பத்தைத் திருத்திக்கொண்டிருந்தது என் கண்ணில் பட்டது. அந்த போட்டோ மென்பொருளின் விலை எனக்குத் தெரியும். அந்த அலுவலகத்துக்கு அதை யாரும் வாங்கித் தந்திருக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். "அது மட்டும் அனுமதி வாங்கின சாஃப்ட்வேரா? அதோட லைசென்ஸ உடைச்சுப் போட்டுக்குடுத்தது யாரு? அந்த ஆளுக்கு மெமோ குடுத்தீங்களா?" என்று கத்தினேன். கத்தினேன் என்றால் உண்மையிலேயே கத்தினேன். கூடத்தில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது.

ஒப்பந்த ஊழியரின் முகம் வெளிறியது. அதிகாரி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க கிளம்புங்க மேடம்" என்றார், அதே மரியாதையோடு.

அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. மொத்த ஆபீஸுக்கும் கேட்டுச்சு."

"கேக்கட்டும். கேக்கணும்னுதான் பேசினேன்."

"என் மெஷின்ல பென்டிரைவ் போடற இடத்தையே அடைச்சுட்டாங்க. ஆல்பம் பார்த்துட்டு இருந்தவர் என்கூடப் பேசமாட்டேங்கறார். அவர்தான் தினமும் என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடுவார்." அளந்து அளந்து பேசினாள். "நீங்க கோவப்பட்டுட்டு ஸ்ரீரங்கத்துக்குப் போயிடறீங்க. நான் நாளைக்குக் காலையில அங்கதானே போய் உக்காரணும்?"

மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் வேணாம். இனிமே நான் சொன்னா மட்டும் வாங்க" என்று வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது, என்மேலும் வந்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதால் கோபம் கூடியது.

அடுத்த கூட்டத்தில் எங்கள் ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் தனியாளாகப் போய்க் கத்துவதற்குப் பதில், நம் குழுவின் பெயரில் ஒரு தொழில்நுட்ப விளக்கம் எழுதிக் கொடுத்தால் அந்த அலுவலகத்தில் மதிப்பு இருக்கும் என்றேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க ஆபீஸ் மெஷின்ல ஓடறது எந்த இயங்குதளம்?"

"எல்லா ஆபீஸ்லயும் ஓடறதுதான். காசு குடுத்து வாங்கறது."

"அப்ப இந்த ஸ்க்ரீன் ரீடர் கட்டற்றதா இருந்தாலும், கட்டுண்ட ஒரு தளத்துமேலதான ஓடுது? அதுக்கு நம்ம பேர்ல ஆதரவுக் கடிதம் குடுத்தா, அந்தத் தளத்தையே நாம ஏத்துக்கிட்ட மாதிரி ஆகும். முதல்ல அவங்களை முழுசா மாத்தணும். அதுதான் கொள்கைப்படி சரி."

"அவங்க ஆபீஸ்ல இருக்கற எல்லா மெஷினையும் மாத்தற வரைக்கும் அந்தப் பொண்ணு கவர் ஒட்டிட்டு இருக்கணுமா?"

"தனிமனித கஷ்டத்தை நான் குறைச்சுப் பேசல. ஆனா சமரசம் பண்ணிக்க ஆரம்பிச்சா…"

அவர் வாக்கியத்தை முடிக்க நான் விடவில்லை. எனக்கு அந்த அதிகாரியின் முகம் ஞாபகம் வந்தது. அவர் கருணை என்ற பெயரில் அவளைச் சும்மா உட்கார வைத்தார், இவர் கொள்கை என்ற பெயரில் உட்கார வைக்கிறார். "சார், உங்களுக்கு மென்பொருளுக்கு விடுதலை வேணும். அத யாரு பயன்படுத்தறாங்கன்னு உங்களுக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிவிட்டு என் லேப்டாப்பை மூடினேன். வங்கி நண்பர் வாசல் வரை என்பின்னால் வந்தார். "அவர் அப்படித்தான், தெரியும்ல. கடிதத்த நாம ரெண்டு பேரும் நம்ம பேர்ல எழுதுவோம்" என்றார். எழுதினோம். அன்றைக்கு ராஜகோபுரம் வரை நடந்தும் என் படபடப்பு அடங்கவில்லை.

அந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்பினேன். பொன்மலைக்கு வரச் சொன்னாள். அவள் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்திலேயே வாடகை வீட்டில் இருந்தார்கள். அம்மா டீ கொடுத்துவிட்டு, "இவ எதுக்குப் பெரிய எடத்துல மோதறா? சம்பளம் வந்துட்டுதானே இருக்கு?" என்று என்னிடம் முறையிட்டார். அதே வார்த்தை. அவள் சிரித்தாள். "பார்த்தீங்களா அக்கா, எங்க வீட்லயும் ஒரு அதிகாரி இருக்காங்க."

அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். சண்டை போடப்போவதில்லை. கெஞ்சப்போவதும் இல்லை. மெமோவுக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள், விளக்கம் கொடுக்கப்போகிறாள். கட்டற்ற ஸ்க்ரீன் ரீடரின் துணையோடு, தமிழில், அவளே தட்டச்சு செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். இரண்டே இரண்டு பிழைதான் இருந்தது.

அவள் எழுதியது இதுதான்: எனக்கு வேலை செய்யத் தேவையான வசதியை அளிக்க வேண்டியது மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அலுவலகத்தின் கடமை. அந்த வசதி இல்லாத நாட்களில் நான் வேலை கேட்டுக் கொடுத்த மனுக்களின் நகல்கள் இத்துடன் உள்ளன. செலவில்லாத ஒரு மென்பொருளால் அந்த வசதியை நானே செய்துகொண்டேன். அதைத் தடை செய்வதாக இருந்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அவ்வளவுதான். ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரையும் பழிக்கவில்லை. எங்கள் கடிதத்தைப் பின்னிணைப்பாக வைத்தாள்.

"இவ்வளவு மரியாதையா எழுதணுமா?" என்று கேட்டேன்.

"நீங்க கத்தினா வெளிய போகச் சொல்லலாம். இதுக்குப் பதில் எழுதித்தான் ஆகணும்" என்றாள்.

தபால் பிரிவில் முத்திரை வாங்கிக்கொண்டு விளக்கத்தைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் போனில் சொன்னாள். மூன்றாம் நாள் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினாராம். "எழுத்துலல்லாம் எதுக்கும்மா? வாயால கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டோமா?" என்றாராம். வாயால் எத்தனை முறை கேட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அனுமதி என்று காகிதத்தில் எதுவும் வரவில்லை. மெமோவின்மேல் நடவடிக்கையும் வரவில்லை. ஒப்பந்த ஊழியர் வந்து, அடைத்ததைத் திறந்துவிட்டு, அவரே மென்பொருளை இறக்கி மெஷினில் நிறுவிக் கொடுத்தார்.

அப்போது அவர் அவளிடம் மெதுவாகச் சொன்னாராம்: "தப்பா நினைக்காதீங்க மேடம். ஏதாவது ஆச்சுன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது, என் காண்ட்ராக்ட்தான் போகும்." இதைக் கேட்டபோது அவர்மேல் இருந்த என் கோபம் இடம் மாறியது. நான் கத்தியது தப்பான ஆளைப் பார்த்து. ஆனால் சரியான ஆள் யார், அவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கோப்பை எட்டு மாதம் வைத்திருந்த அத்தனை மேசைகளையும் நிற்க வைத்தா கத்த முடியும்?

அவள் வேலை செய்யத் தொடங்கினாள். கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் கொஞ்சம் சாந்தமாகியிருப்பேன். ஆனால் அந்த எட்டு மாதக் கோப்பு நகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. யாரும் அதை நிறுத்தவில்லை. ஒரு வருடம் கழித்து அனுமதியாகி வந்துவிட்டது. என் ஸ்கூட்டரைவிட விலை கூடிய அதே மென்பொருள், புது லைசென்ஸோடு, புது மெஷினோடு பிணைக்கப்பட்டு வந்தது. வந்ததை வைத்து ஒரு சின்ன விழா. என்னையும் வரச் சொன்னாள். "நீங்க கத்தாம உக்காரணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேசையில் பூச்செண்டு. விற்பனை நிறுவனத்திலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்திருந்தார். அதிகாரி பேசினார். பார்வையற்ற ஒரு சகோதரியின் வாழ்வில் ஒளியேற்றியிருக்கிறோம் என்றார். கைதட்டினார்கள். அட்டைப்பெட்டி ஒன்றை அவள் கையில் கொடுத்துப் படமெடுத்தார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டுதான் இருந்தது, சாவி எண் எழுதிய சீட்டு. படத்துக்காகப் பெட்டியை விற்பனைக்காரர் கொண்டுவந்திருந்தார். ஒரு வருடமாக அவள் தினமும் அந்த மெஷினில் உட்கார்ந்து, சல்லிக்காசு செலவில்லாத மென்பொருளை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவளை நன்றி சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி. புது சாஃப்ட்வேர் தமிழ் படிக்குமாங்க?" என்று கேட்டாள்.

கோட்டுக்காரர் எழுந்தார். தமிழ்க் குரல் இதோடு சேராது, அதைத் தனியாக வாங்க வேண்டும், அதற்குத் தனி விலைப்புள்ளி அனுப்புவதாகச் சொன்னார். அந்த அலுவலகத்துக்கு வரும் மனுக்கள் எல்லாம் தமிழ். குறிப்புகள் எல்லாம் தமிழ். இதைக் கேட்காமலே வாங்கியிருக்கிறார்கள். நான் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். சத்தியம் செய்து கொடுத்திருந்தேனே.

விழா முடிந்ததும் வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போட்டோவுல நான் எங்க பார்த்துட்டு இருந்தேன்?"

"கேமராவைப் பார்க்கல. அந்தப் பக்கமா திரும்பியிருந்த."

"நல்லது" என்றாள்.

மறுநாள் ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில்கூட, "எவ்வளவு நல்ல ஆபீஸர் பாருங்க" என்று ஒருவர் சொன்னார். நான் என் கணக்கைப் பார்த்துக்கொண்டேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

இப்போது அவளுடைய மெஷினில் இரண்டும் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கியது தணிக்கைக்குக் காட்டுவதற்காக இருக்கிறது. தமிழ் மனு வந்தால் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்கிறாள். எல்லா மனுக்களும் தமிழில்தான் வருகின்றன. "ரெண்டையும் வச்சுக்கோங்க, வெளிய யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம்" என்று அதிகாரி சொல்லியிருக்கிறாராம். திருடிய பொருளையா வைத்திருக்கிறாள்?

நான் மறுபடியும் மண்டபத்துக்குப் போகத் தொடங்கிவிட்டேன். பேராசிரியரும் நானும் ஒரே மேசையில் உட்காருவதில்லை. என் மேசையில் விளக்கவுரை கிடையாது. வருகிறவர்களிடம், "உங்களுக்கு என்ன செய்யணும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பார்வையற்றோர் விடுதியிலிருந்து நாலைந்து பேர் வந்து போகிறார்கள். அவள் அனுப்பிவைக்கிறாள்.

சென்ற வாரம் புது ஆள் ஒருவர் புதன்கிழமை போன் செய்து கேட்ட ஒரு கட்டளை எனக்கு ஞாபகம் வராமல் தவித்தபோது அவளுக்குப் போன் செய்தேன். வேலை நேரம். பின்னால் யாரோ அவளிடம் அவசரமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, மேசை நிறைய ஃபைலு. சாயங்காலமா பேசறேன்" என்று சொல்லிப் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.